எல்லையில் நிகழ்வது: மலேரியாக் கொசுவின் குடற்சுவரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர். 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதே ஒட்டுண்ணியின் இன்னொரு உருவத்தைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். காற்றுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிட்ட பிறகும் பெயர் நிற்கிறது. தமிழில் முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்று வழங்கிவந்தோம். இவை காரணம் சொல்ல முற்படாத பெயர்கள். உடம்பு படுகிற பாட்டை மட்டும் சொல்கிற பெயர்கள். அந்த வகையில் நம் பெயர்கள் இன்னும் பொய்யாகவில்லை.

இதைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது நண்பர் ஒருவர், “கொசுவோட வயித்துல என்னய்யா அரசியல் இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நமது சிறுபத்திரிகைச் சூழலில் அறிவியலைப் பற்றி இரண்டே மனோபாவங்கள்தான் புழங்கிவந்திருக்கின்றன. ஒன்று, அறிவியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும், பகுத்தறிவு வளர வளர நோயும் மூடநம்பிக்கையும் சேர்ந்தே ஒழியும் என்பது. மற்றது, ஃபூக்கோவைப் படித்த பிறகு வந்தது: அறிவியலும் ஒரு சொல்லாடல், அதிகாரத்தின் இன்னொரு முகம், ஆகவே அதன் உள்ளே போய்ப் பார்க்க ஏதுமில்லை என்பது. முதலாவது வாயிலில் நின்று கும்பிடுகிறது. இரண்டாவது அதே வாயிலில் நின்று காறித் துப்புகிறது. இரண்டுமே உள்ளே நுழைவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா கண்டது. 5,97,000 பேர் இறந்தார்கள். இறப்புகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இதைக் கதையாடல் என்று சொல்லித் தாண்டிப்போக முடியாது. எனவே உள்ளே நுழைந்து பார்ப்போம். கொசுவின் வயிற்றுக்குள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2

பெண் அனாபிலிஸ் கொசு முட்டை வளர்க்க இரத்தம் குடிக்கிறது. ஆண் கொசு கடிப்பதில்லை. நோயாளியின் இரத்தத்தோடு ப்ளாஸ்மோடியம் என்கிற ஒட்டுண்ணியின் ஆண், பெண் செல்களும் உள்ளே போகின்றன. நம் உடல் வெப்பத்திலிருந்து கொசுவின் குறைந்த வெப்பத்துக்கு இறங்கியதும், கொசுவின் உடலில் உள்ள க்ஸாந்தூரெனிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறைச் சந்தித்ததும் அவை விழித்துக்கொள்கின்றன. ஒவ்வோர் ஆண் செல்லும் எட்டு வரை வால்முளைத்த பாலணுக்களாகப் பிரிகிறது. கருவுறுதல் கொசுவின் நடுக்குடலில், நம்முடைய இரத்தக் கட்டிக்குள்ளேயே நடக்கிறது.

நம் உடலுக்குள் ஒட்டுண்ணி பெருகுவது பாலில்லாப் பெருக்கம். அதன் கலவி கொசுவில்தான். ஆகவே உயிரியல் வழக்கில் கொசுதான் அதற்கு முதன்மை விருந்தோம்பி. மனிதன் இடைநிலை விருந்தோம்பி. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய சொல் பாடப்புத்தகத்தில் இப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது. மனிதனை மையத்திலிருந்து அகற்றுவது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ப்ளாஸ்மோடியம் அதை ரொம்ப காலமாகவே செய்துகொண்டிருக்கிறது.

கருவுற்ற செல் ஒரு நாளுக்குள் ஊகினீட் என்ற நகரும் உருவத்தை எடுக்கிறது. அது உயிர்பிழைக்க வேண்டுமானால் குடலைவிட்டு வெளியேற வேண்டும். முதல் தடை, இரத்தத்தைச் சுற்றிக் கொசு நெய்துகொள்ளும் ஒரு உறை. கைட்டினும் புரதங்களும் சேர்ந்த சவ்வு அது. இரத்தம் குடித்த பிறகு சில மணிநேரங்களில் உருவாகத் தொடங்குகிறது. ஒட்டுண்ணி கைட்டினை வெட்டும் நொதியைச் சுரந்து இதைத் துளைக்கிறது. கோழிகளைத் தாக்கும் ஒருவகை மலேரியா ஒட்டுண்ணியில் ஆய்வு செய்தபோது தெரியவந்த விஷயம் சுவாரஸ்யமானது. அந்த நொதி செயலற்ற நிலையில்தான் வெளிவருகிறது. அதை முடுக்கிவிடுவது கொசுவின் செரிமான நொதியான டிரிப்சின். தன்னுடைய உறையை வெட்டும் கத்திக்குக் கொசுவே சாணை பிடித்துக் கொடுக்கிறது.

அடுத்த தடை குடற்சுவர். ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆனது. அச்செல்களின் உட்புற விளிம்பில் பாசிபோல் நுண்விரல்கள் மண்டியிருக்கின்றன. அங்கே பதிந்திருக்கும் புரதங்களைப் பற்றிக்கொண்டுதான் ஊகினீட் செல்லுக்குள் நுழைகிறது, மறுபுறம் வருகிறது. வந்த இடத்தில், குடலின் வெளிச் சவ்வுக்கு அடியில், உருண்டு தங்கிவிடுகிறது. இரண்டு வாரங்களுக்குள் அந்த உருண்டை ஆயிரக்கணக்கான இழைகளாகப் பிரிந்து வெடிக்கிறது. அவை உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்தால் அடுத்த கடியில் இன்னொரு மனிதன்.

குடித்த இரத்தத்தில் எத்தனை ஒட்டுண்ணிகள் இருந்தாலும் சுவரைத் தாண்டித் தங்குபவை சொற்பம். இயற்கையில் தொற்றுண்ட கொசுக்களின் குடலில் பெரும்பாலும் ஐந்துக்கும் குறைவான உருண்டைகளே இருக்கின்றன. நம் உடலில் கோடிக்கணக்கில் பெருகும் ஒட்டுண்ணி, தன் வாழ்வில் மிகக் குறைந்த எண்ணிக்கையில், மிகப் பலவீனமாக இருக்கும் இடம் இந்தச் சுவர்தான். ஆய்வாளர்களின் கண் இங்கே விழுந்ததற்கு அதுவே காரணம்.

3

சுவரில் இருக்கும் புரதங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, அமினோபெப்டிடேஸ் என்ற நொதி, சுருக்கப்பெயர் ஏஎன்-ஏபிஎன்1. நுண்விரல்களின் மேல் பதிந்திருக்கிறது. இரத்தப் புரதம் துண்டுகளாக உடைந்த பிறகு, அத்துண்டுகளின் நுனியிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவது இந்தக் குடும்பத்து நொதிகளின் வேலை. கொசுவுக்கு அது சாப்பாட்டு விஷயம். ஊகினீட்டுக்கோ அது கால் ஊன்றும் இடம். இந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளை இரத்தத்தோடு கொசுவுக்குக் கொடுத்தால் ஒட்டுண்ணி சுவரைத் தாண்டுவது தடைபடுகிறது என்று ரோயெல் டிங்லாசனும் சக ஆய்வாளர்களும் 2007இல் காட்டினார்கள்.

இரண்டாவது எஃப்ஆர்இபி1. நான் மேலே சொன்ன உறையில் காணப்படும் புரதம். ஒட்டுண்ணி இதைப் பற்றிக்கொண்டுதான் சுவரை நெருங்குகிறது. 2018இல் ஆப்பிரிக்கக் கொசுவான அனாபிலிஸ் காம்பியேயில் இந்த மரபணுவை முற்றாக நீக்கிப் பார்த்தார்கள். தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் கொசுவும் நொடித்துப்போனது. இரத்தம் குடிப்பது குறைந்தது, முட்டை குறைந்தது, பொரிப்பதும் குறைந்தது.

மொழி படித்தவனுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. ஆய்வு எழுத்துகளில் இப்புரதங்கள் ‘ஏற்பிகள்’ எனப்படுகின்றன. யாரை ஏற்பதற்கு? ஒட்டுண்ணியை ஏற்பதற்காகக் கொசு எந்தப் புரதத்தையும் உண்டாக்கி வைத்திருக்கவில்லை. அது செரிப்பதற்கும் உறை நெய்வதற்கும் வைத்திருக்கிறது. ‘ஏற்பி’ என்ற சொல் ஒட்டுண்ணியின் பக்கம் நின்று, அதை வேட்டையாடும் நம் பக்கமும் நின்று இடப்பட்ட பெயர். க்ஸாந்தூரெனிக் அமிலத்துக்கும் இதே கதைதான். கொசுவுக்கு அது டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் சிதையும்போது, கண்ணின் நிறமி உண்டாகும் வழியில் விழும் துணைப்பொருள். ஒட்டுண்ணிக்குக் கலவிக்கான அழைப்பு. ஒரே குறிப்பான், இரு வேறு குறிப்பீடுகள். சசூர் சொன்ன இடுகுறித்தன்மை சொற்களோடு நின்றுவிடுவதில்லை போலும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மொழியில் ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால் இன்னொரு வாசிப்பு கிடைக்கும். இங்கே தவறாக வாசிக்கும் ஒட்டுண்ணி செத்துப்போகும். பிரதிக்கும் உடலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

அர்த்தங்கள் வரலாற்றில் மாறுவதற்கும் இந்தச் சுவரில் சாட்சி இருக்கிறது. ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் பிஎஃப்எஸ்47 என்றொரு புரதம். ஒட்டுண்ணி குடற்சுவரைத் தாண்டி வரும்போது மறுபுறம் காத்திருக்கும் கொசுவின் எதிர்ப்பு மண்டலம் அதை அடையாளம் காணாமல் மறைத்துவிடுவது இதன் வேலை என்று 2013இல் தெரிந்தது. இதைப் பற்றிக்கொள்ளும் குடற்சுவர்ப் புரதத்தை 2020இல் இனங்கண்டார்கள். பூட்டும் சாவியும் போல. ஆப்பிரிக்க ஒட்டுண்ணியின் சாவி அமெரிக்கக் கண்டத்துக் கொசுவின் பூட்டுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அமெரிக்கக் கண்டத்தில் இன்றுள்ள ஒட்டுண்ணியின் சாவி பொருந்துகிறது. ஃபால்சிபாரம் மலேரியா அங்கே போனது அடிமைக் கப்பல்களில், சங்கிலியிடப்பட்ட மனிதர்களின் இரத்தத்தில். அங்கிருந்த வேறு இனக் கொசுவின் குடற்சுவர், வந்த ஒட்டுண்ணிகளில் தன் பூட்டுக்குப் பொருந்தியவற்றை மட்டும் விட்டுவைத்தது. அடிமை வணிகத்தின் தடயம் ஆவணக் காப்பகங்களில் மட்டுமல்ல, ஒரு புரதத்தின் வடிவத்திலும் கிடக்கிறது. அரசியல் எங்கே என்று கேட்ட நண்பருக்கு இது ஒரு பதில்.

4

இன்னொரு பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கொசு என்றதும் சாக்கடை, சாக்கடை என்றதும் குடிசை, குடிசை என்றதும் ‘சுகாதாரமில்லாத ஜனங்கள்’ என்று ஒரு சங்கிலி நடுத்தரவர்க்க மனதில் ஓடுகிறது. நகரத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்தும் ஒவ்வொரு முறையும் இந்தச் சங்கிலி ஒரு வாதமாகக் கையில் எடுக்கப்படுகிறது. சாக்கடைத் தண்ணீரில் வளர்வது யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி முட்டையிடுவது சுத்தமான தண்ணீரில்: கிணறு, மூடாத மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிவைத்த தண்ணீர். தண்ணீர் சேமிக்க இடமும் வசதியும் உள்ள வீடுகளின் மொட்டைமாடிகள் அதற்கு உகந்த இடங்கள். சுத்தம்/அசுத்தம் என்ற முரணிணையை, நம் சமூகத்தில் அதற்குச் சாதி சார்ந்த நீண்ட வரலாறு உண்டு, இந்தக் கொசு தலைகீழாக்கிப் போடுகிறது.

இதே ஸ்டீபன்சி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது; 2016இல் எத்தியோப்பியாவில். அதுவரை அங்கே மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோய். தொட்டியில் வளரும் கொசு அதை நகரத்து நோயாக மாற்றும் என்ற அச்சம் நியாயமானது. குடற்சுவர் ஆராய்ச்சி எந்தக் கொசுவின் குடலில் நடக்கிறது என்ற கேள்வி இதனால் முக்கியமாகிறது.

5

இனி ஏஎன்-ஏபிஎன்1ஐ வைத்துத் தயாரிக்க முயலும் தடுப்பூசியைப் பார்ப்போம். இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கும் இரு மலேரியாத் தடுப்பூசிகளும், 2021இலும் 2023இலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தவை, போட்டுக்கொண்டவரைக் காப்பவை. குடற்சுவர்த் தடுப்பூசி அப்படியல்ல. அதைப் போட்டுக்கொண்டால் கொசுவின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் என் இரத்தத்தில் உண்டாகும். என் உடலில் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. எனக்கு மலேரியா வருவதை அவை தடுக்கா. வந்தால் குறைக்கவும் மாட்டா. என்னைக் கடிக்கும் கொசு என் இரத்தத்தோடு அவற்றையும் குடிக்கும். அதன் வயிற்றுக்குள் போய் அவை சுவரில் அப்பிக்கொண்டு ஒட்டுண்ணியின் பிடிமானத்தை மறைக்கும். அந்தக் கொசு அடுத்துக் கடிக்கப்போகும் ஆள் தப்பிப்பார். கொசு சாவதில்லை. நான் காக்கப்படுவதில்லை. காக்கப்படுவது அடுத்த வீட்டுக்காரர்.

இதைப் பரநலத் தடுப்பூசி என்கிறார்கள். ஊரில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டால் பரவல் அறுபட்டு, சுற்றிவந்து எனக்கும் பலன் கிட்டும். ஒருவர் மட்டும் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. இது இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. வருமா என்பதும் உறுதியில்லை. இருந்தும் இது எழுப்பும் கேள்வி இப்போதே எழுந்துவிட்டது. நவீன மருத்துவம் உடலைத் தனிமனிதச் சொத்தாகவே பேசிவந்திருக்கிறது: என் உடல், என் நோய், என் சம்மதக் கையெழுத்து. இந்த ஊசியோ என் இரத்தத்தை இன்னொருவருக்கான மருந்தாக்கி, அதைக் கொண்டுசேர்க்கும் வேலையைக் கொசுவிடம் விடுகிறது. ஊரும் சேரியும் தனித்தனியாகக் கிடக்கும் மண்ணில், தண்ணீர்க் குழாயிலும் சுடுகாட்டுப் பாதையிலும் பிரிவினை வைத்திருக்கும் மண்ணில், கொசு மட்டும் இரண்டு பக்கத்து இரத்தத்தையும் ஒரே வயிற்றில் கலந்து வைத்திருக்கிறது. ‘அவங்களுக்காக நான் ஏன் ஊசி போட்டுக்கணும்?’ என்ற குரல் எழும் என்பதைச் சொல்ல ஆரூடம் தேவையில்லை. அறிவியல் இதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. அது நம் வேலை.

6

எஃப்ஆர்இபி1இல் கதை வேறு திசையில் போகிறது. மரபணுவை நீக்கினால் கொசு நொடித்துப்போகிறது என்றேன். நொடித்துப்போகும் கொசுக்கள் இயற்கையில் நிலைக்கா. ஆனால் இப்புரதத்தின் 224ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் குளூட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்கும் ஒரு வடிவம் இயற்கையிலேயே உண்டு. ஓர் எழுத்து மாறிய பாடபேதம் என்று நம் பாஷையில் சொல்லலாம். அந்தப் புரதத்தோடு கொசு நலமாக வாழ்கிறது. ஒட்டுண்ணிக்கு மட்டும் வழி அடைபடுகிறது. 2025இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பாடபேதத்தை ஸ்டீபன்சி கொசுவில் சேர்த்து, மரபணு உந்தம் என்ற முறையில் கூண்டுக்குள் பரப்பிக் காட்டினார்கள். சாதாரண மரபில் ஒரு பண்பு பாதிப் பிள்ளைகளுக்குப் போகும். உந்தத்தில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் போகும். பத்துத் தலைமுறைகளில் கூண்டுக் கொசுக்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இதைப் பெற்றுவிட்டன.

அழிப்பு என்ற சொல்லாடலிலிருந்து இது ஒரு முக்கியமான விலகல் என்பதை மறுக்கவில்லை. டிடிடியின் காலத்தில் போர் மொழிதான் ஆட்சி செய்தது. 1958இல் இந்தியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1961இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே போனது. 1976இல் 64 லட்சத்துக்கு ஏறியது. மருந்துக்குக் கொசு பழகிக்கொண்டதும், வென்றுவிட்டோம் என்று அரசு ஓய்ந்ததும் அதற்கான காரணங்களில் அடங்கும். எதிரியைக் கொல்லாமல் எதிரியின் குடலில் ஓர் எழுத்தை மாற்றுவது என்பது அந்தப் போர் மொழிக்கு வெளியே நிற்கிறது.

ஆனாலும் கூண்டைத் திறப்பது யார்? திறந்தபின் அது ஒரு கிராமத்தின், ஒரு நாட்டின் எல்லையில் நிற்காது. தடுப்பூசிக்காவது கையை நீட்டவோ மடக்கவோ எனக்கு வழியுண்டு. காற்றில் வரும் கொசுவிடம் சம்மதப் படிவம் கிடையாது. 1970களின் முற்பகுதியில் டெல்லியில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்கப் பணத்தில் கொசு மரபியல் ஆய்வு நடத்தின. சோனிபத்தில் மலட்டு ஏடிஸ் ஆண் கொசுக்களை விடும் திட்டம், இது உயிரியல் போருக்கான ஒத்திகை என்ற குற்றச்சாட்டு பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்ததால் 1975இல் முடிவுக்கு வந்தது. குற்றச்சாட்டின் உண்மை பொய் ஒருபுறமிருக்க, மக்களிடம் பேசாமல் செய்த அறிவியல் வதந்தியின் முன் நிற்க முடியாமல் போனது என்பது பாடம். 2019இல் புர்கினா ஃபாசோவின் பானா கிராமத்தில் மரபணு மாற்றிய மலட்டு ஆண் கொசுக்களை விட்டார்கள். அவை உந்தம் இல்லாதவை. 2025 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு அத்திட்டத்தையே நிறுத்திவிட்டது. அங்கே குழந்தைகள் மலேரியாவில் இறப்பது நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த நிலைப்பாடும் அரைகுறையானது. ஆதரவு நிலைப்பாடானாலும் சரி, எதிர்ப்பு நிலைப்பாடானாலும் சரி.

7

சம்மதம் பற்றிய இந்தக் கேள்வி குடற்சுவர் ஆராய்ச்சியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20 அன்று ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் நிறமி படிந்த உருண்டைகளைக் கண்டார். அந்தக் கொசு ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசு. கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து ராஸ் சுழற்சியை முழுமையாக நிறுவியபோது உதவியாளராக இருந்தவர் முகமது பக்ஸ். 1902இல் நோபல் பரிசு ராஸுக்கு. கண்டுபிடிப்பின் பூரிப்பில் ராஸ் ஒரு கவிதையும் எழுதினார். அதில் கடவுள் வருகிறார், மரணம் வருகிறது, ஹுசேன் கான் வரவில்லை. அமிதவ் கோஷ் 1995இல் வெளியிட்ட ‘தி கல்கத்தா க்ரோமோசோம்’ நாவல் இந்த இடைவெளியில்தான் தன் கற்பனையைக் கட்டியெழுப்பியது.

ஹுசேன் கானின் இரத்தம் கொசுவுக்குள் போய்ப் பேசியது. அவர் பேசவில்லை, அல்லது பேசியதை யாரும் எழுதிவைக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அணா போய்ச் சம்மதப் படிவம் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது? அதிலுள்ள ‘ஏற்பி’, ‘உந்தம்’ என்ற சொற்களுக்கு ஒரு கூலித் தொழிலாளியிடம் விளக்கம் சொல்ல நம்மில் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்? களப்பணியில் இருக்கும் தோழர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். மரபணு மாற்றப் பருத்தி வந்தபோது நாம் விழித்துக்கொண்டது அது வயலுக்கு வந்த பிறகு. கொசு விஷயத்தில் அவகாசம் இருக்கிறது. குடற்சுவரில் என்ன நடக்கிறது என்பதை மாலைக் கூட்டங்களில், தொட்டி மூடச் சொல்லிப் போகும் வீடுகளில், தமிழில் பேசத் தொடங்கலாம். ஆதரிக்க வேண்டுமா எதிர்க்க வேண்டுமா என்பதை அதன் பிறகு அந்த மக்களோடு சேர்ந்து முடிவுசெய்யலாம். தெரியாத ஒன்றுக்குச் சம்மதிக்கவும் முடியாது, அதை மறுக்கவும் முடியாது.